கீழக்கரை தரும் நினைவூட்டல்

இராமநாதபுரத்திலிருந்து தெற்கே திருப்புல்லாணியைக் கடந்து சுமார் 17 கிலோமீட்டர் சென்றால் கீழக்கரை வந்துவிடும். வழியெங்கும் வானம் பார்த்த பூமி. பனைமரங்களும் சீமைக் கருவேலமும் மாறி மாறி வருகின்றன. மழைக்காலம் முடிந்து சில வாரங்களுக்குள் கண்மாய்கள் வற்றிவிடுகின்றன. இவ்வளவு வறண்ட நிலத்தின் எல்லையில் இப்படி ஒரு செழித்த ஊர் எப்படி எழுந்தது என்னும் வியப்பு, முதன்முறை வருவோருக்குத் தோன்றாமல் இராது. ஊரின் தென்புறம் சென்று நின்றால் விடை கிடைத்துவிடும். அங்கே மன்னார் வளைகுடா விரிந்து கிடக்கிறது. இவ்வூர் நிலத்தை நம்பி வாழ்ந்த ஊரன்று. கடலை நம்பி வாழ்ந்த ஊர்.

மத்ரஸாவின் ஷஃபான் விடுமுறையில் மாணவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு அண்மையில் அங்குச் சென்று வந்தேன். பழைய பள்ளிவாசலைக் காட்ட வேண்டும், அறிஞர்கள் வாழ்ந்த தெருக்களைக் காட்ட வேண்டும் என்பதே முதல் நோக்கம். ஆயினும் என் உள்ளத்தில் வேறொரு வினாவும் இருந்தது. வகுப்பில் மாணவர் ஒருவர் கேட்டது அது. "ரமளானில் உள்ளம் உயிரோடு இருக்கிறது, ஷவ்வால் பிறந்து பத்து நாளில் அந்த உணர்வு எங்கே போய்விடுகிறது, ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார். தொழுகை தவறவில்லை, ஓதல் தவறவில்லை. ஆனால் உள்ளம் அங்கே இல்லை. இது அம்மாணவர் ஒருவரின் குறை மட்டுமா? ஐந்து வேளையும் பள்ளிக்குச் செல்லும் பெரியோரிடமும், தஸ்பீஹ் மணியைக் கையிலிருந்து இறக்காத பெண்மணிகளிடமும் தனியே கேட்டால் இதையே சொல்வார்கள். நம் இல்லங்களில் மார்க்கம் பழக்கமாக நிலைத்திருக்கிறது, விழிப்பாக நிலைத்திருக்கிறதா? இவ்வினாவுடன்தான் கீழக்கரைத் தெருக்களில் நடந்தோம்.

வணிகர் எழுப்பிய கற்பள்ளி

கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் முழுவதும் கல்லால் ஆனது. இப்போது நாம் காணும் கட்டடத்தை 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் காலத்தோடு சேர்த்துச் சொல்வர். கிழவன் சேதுபதியின் நட்பைப் பெற்றவராகவும், கப்பல் வணிகராகவும், புலவர்களைப் புரந்தவராகவும் விளங்கியவர் அவர். ஷைகு அப்துல் காதிர் என்பது இயற்பெயர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்னும் பழமொழியைச் சொல்லாத தமிழர் இல்லை. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுவதற்குத் தூண்டுகோலாய் நின்றவர் இவர் என்பதும் தமிழுலகம் அறிந்ததே.

பள்ளிக்குள் நுழைபவர் குவிமாடங்களையும் வளைவுகளையும் எதிர்பார்த்துச் சென்றால் வியந்து நிற்பார். வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள். அவற்றின் மேல் போதிகைகள். அவற்றின்மீது தட்டையான கற்கூரை. பாண்டி நாட்டுச் சிற்பியரின் கைவேலை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் உருவம் ஒன்றுகூட இல்லை. பூவும் மொட்டும் கொடியும் கோலமுமாக உளி நின்றுகொண்டது. மாணவர்களுள் ஒருவர் ஒரு தூணைத் தடவிப் பார்த்து, "இத்தனை வேலைப்பாடு செய்தவர்கள் எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அறிந்திருக்கிறார்களே!" என்றார். நல்ல கவனிப்பு என்று பாராட்டினேன்.

என் உள்ளத்தை அதைவிட ஈர்த்தது வேறொன்று. இதனை எழுப்பியோர் உலகைத் துறந்து குகையில் அமர்ந்தவர்களல்லர். முத்து, சங்கு, துணி, அரிசி எனச் சரக்கேற்றிக் கடல் கடந்தவர்கள். காற்று மாறினால் கப்பல் போகும், விலை இறங்கினால் முதல் போகும் என்னும் கவலையோடு வாழ்ந்தவர்கள். அவர்கள் ஈட்டிய பொருள்தான் இக்கற்களாக எழுந்து நிற்கிறது. திருக்குர்ஆனின் நூர் அத்தியாயத்தில், அல்லாஹ்வின் திருநாமம் போற்றப்படும் இல்லங்களைப் பற்றிக் கூறும் வசனத்தை அடுத்தே, அவ்வில்லங்களில் அவனைத் துதிப்போர் யாவர் என்பது சொல்லப்படுகிறது. கொடுக்கல் வாங்கல் எதுவும் இறைநினைவைவிட்டுத் திருப்பிவிடாத மனிதர்கள் என்பதே அவர்களைப் பற்றிய வருணனை. வணிகமே செய்யாதவர்கள் என்று அங்குக் கூறப்படவில்லை. வணிகம் இருக்கிறது; அது அவர்களைத் திசைதிருப்பவில்லை. அவ்வசனத்தைத் தூண்களின் நிழலில் அமர்ந்து மாணவர்களுக்கு விளக்கியபோது, விளக்கவுரைகளுக்கு அங்குத் தேவை குறைவாகவே இருந்தது.

ஜும்ஆ அத்தியாயத்திலும் இதே முறையைக் காணலாம். பாங்கு கேட்டதும் வணிகத்தை விட்டு விரைந்து வருமாறு கட்டளை. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறு அனுமதி. அதனோடு சேர்த்து, அவனை அதிகமாக நினைவுகூருங்கள் என்னும் ஏவலும் வருகிறது. அந்த 'அதிகம்' எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சிந்தியுங்கள். பள்ளிவாசலை விட்டுப் புறப்பட்டுக் கடைத்தெருவில் கால்வைக்கும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஏனெனில் மறதி தொடங்கும் இடமும் அதுதான்.

பழைய அடிகளோடு புதிய அடிகள்

பள்ளியை ஒட்டி இமாம் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். காயல்பட்டினத்தில் 1632ஆம் ஆண்டில் பிறந்து, கீழக்கரையில் 1703ஆம் ஆண்டில் மறைந்த அரபுப் பெருங்கவிஞர், மார்க்க மேதை. ஸலாம் கூறி, துஆ செய்துவிட்டு, அவர்களது கவிதைப் பணியைப் பற்றிச் சிறிது நேரம் உரையாடினோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் புகழும் 'வித்ரிய்யா' என்னும் அரபுக் காப்பியத்திற்கு அவர்கள் 'தக்மீஸ்' எழுதினார்கள். தக்மீஸ் என்பது ஒரு கவிதை மரபு. முன்னோர் ஒருவர் பாடிய ஈரடியை அப்படியே வைத்துக்கொண்டு, அதே ஓசையில் தம்முடைய மூன்று அடிகளை முன்னே சேர்த்து ஐந்தடியாக்குவது. பழைய அடியில் ஓரெழுத்தும் மாறாது. ஆனால் புதியவரின் உள்ளத்திலிருந்து வந்த மூன்று அடிகளைக் கடந்து அதனை அடையும்போது, அது இப்போதுதான் பாடப்பட்டது போல ஒலிக்கும்.

புதுப்பித்தல் என்னும் சொல்லை இன்று பலர் பலவாறு ஆளுகின்றனர். பழையதை இடித்துவிட்டுப் புதியதை எழுப்புவதே புதுப்பித்தல் என்று எண்ணுவோர் உண்டு. தொழுகையின் ரக்அத்துகள் மாறப்போவதில்லை. ஃபாத்திஹாவின் சொற்கள் மாறப்போவதில்லை. நாள்தோறும் நாம் அவற்றின் முன்னே சேர்க்கும் மூன்று அடிகள் எவை? நம் கவனம், நம் தேவை, நம் நன்றி ஆகியவை அல்லவா? ஆடை நைந்துபோவது போல ஈமானும் உள்ளத்தில் நைந்துபோகக்கூடியது என்றும், அதைப் புதுப்பித்துத் தருமாறு அல்லாஹ்விடம் இறைஞ்ச வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதாக நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். நைவது ஆடையின் இயல்பு. நைந்ததைக் கண்டும் தைக்காமல் இருப்பதுதான் குறை.

மூச்சை மறவாதவர்

அஸர் தொழுகைக்குப் பின் கடற்கரைக்குச் சென்றோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் சில இவ்வூரின் எதிரே கடலுக்குள் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயரே அப்பா தீவு. முற்காலத்தில் இக்கடலில் முத்துக் குளித்தார்கள். தூத்துக்குடிப் பகுதியில் 1961ஆம் ஆண்டோடு முத்துச் சலாபம் நின்றுபோயிற்று. சங்குகுளிப்பு அதன் பிறகும் தொடர்ந்தது. இளமையில் சங்கு குளித்த முதியவர் ஒருவர் படகு நிழலில் அமர்ந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். என் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, கடலுக்குள் இறங்கும்போது என்ன நினைப்பீர்கள் என்று ஆவலோடு கேட்டார்கள்.

அவர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கீழே போயிட்டா வேற நினைப்பு வராது, ஆலிம்சா. மூச்சு ஒண்ணுதான் நினைப்பு. பொண்டாட்டி புள்ளை, கடன் கண்ணி எல்லாம் படகைப் பிடிச்சு ஏறுனதுக்குப் பின்னாலதான் வரும். ஏறி ஒக்காந்துட்டா, மூச்சு விடுறோம்கிறதே மறந்துபோயிரும்."

பிறகு தாமாகவே தொடர்ந்தார்: "மேல கயிறு பிடிச்சவரு நம்மளையே பாத்துக்கிட்டு இருக்காருன்னு தெரியும். அந்தத் தெம்புலதான் கீழ கையி வேலை செய்யும்."

ஒரு நிமிடம் கடலடியில் இருப்பவருக்கு மூச்சின் அருமை தெரிகிறது. கரையேறியவருக்கு அது மறந்துபோகிறது. மூச்சு நின்றுவிடவில்லை, அதைப் பற்றிய உணர்வுதான் மறைகிறது. நம் இறைநினைவும் இவ்வாறே இருக்கிறது. நோய் வந்தால், கடன் நெருக்கினால், பிள்ளையின் தேர்வு முடிவு வரும் நாளில் நாம் கடலடியில் இருக்கிறோம். அப்போது ஸஜ்தாவில் கண்ணீர் வருகிறது. நலமாகக் கரையில் அமர்ந்திருக்கும் நாட்களில்தான் உள்ளம் உறங்கிவிடுகிறது. இதனையே ஆன்றோர் 'கஃப்லத்' என்றனர். அது பாவத்தினும் நுட்பமானது. பாவம் உறுத்தும், கஃப்லத் உறுத்துவதே இல்லை.

நபித்தோழர் ஹன்ளலா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இங்கு நினைவுக்கு வருகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எழுத்தர்களுள் ஒருவரான அவர், ஒருநாள் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களைச் சந்தித்து, தாம் நயவஞ்சகராகிவிட்டதாக அஞ்சுவதாகக் கூறுகிறார். நாயகத்தின் அவையில் இருக்கும்போது சுவனமும் நரகமும் கண்முன் நிற்கின்றன. வீடு திரும்பி மனைவி, மக்கள், நிலபுலம் என்று கலந்ததும் பெரும்பகுதி மறந்துபோகிறது என்பது அவரது வேதனை. தமக்கும் அப்படியே நேர்கிறது என்கிறார் ஸித்தீக் (ரலி). இருவரும் நாயகத்திடம் செல்கிறார்கள். என் அவையில் இருக்கும் நிலையிலேயே நீங்கள் எந்நேரமும் இருந்துவிட்டால் வானவர்களே உங்கள் படுக்கைகளிலும் பாதைகளிலும் வந்து கைகுலுக்குவார்கள் என்று கூறிய பெருமானார் (ஸல்), இதற்கொரு நேரம், அதற்கொரு நேரம் என்னும் கருத்தை மும்முறை எடுத்துரைத்தார்கள்.

அவர்களை வீட்டைத் துறக்கச் சொல்லவில்லை. நிலத்தை விற்றுவிடச் சொல்லவில்லை. மறந்ததற்காக வெறுத்து ஒதுக்கவும் இல்லை. மறதி மனித இயல்பு என்று ஏற்று, அதிலிருந்து மீண்டும் மீண்டும் திரும்பி வரும் வழியை மார்க்கம் நாளுக்குள்ளேயே அமைத்துத் தந்திருக்கிறது. இரவும் பகலும் ஐந்து முறை பாங்கு ஒலிப்பது எதற்கு? ஒருமுறை அழைத்தால் போதாது என்பதை நம்மைப் படைத்தவன் அறிவான்.

முகம் கழுவும் கணம்

மஃரிபுக்காக, நாங்கள் தங்கியிருந்த தெருவின் பள்ளிவாசலுக்குச் சென்றோம். ஹவ்ளின் கரையில் அமர்ந்து பலரும் ஒளுச் செய்துகொண்டிருந்தார்கள். இவ்வூரார் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். மாணவர்களுள் ஒருவர் ஹனஃபி மத்ஹபினர். எனவே அங்கேயே ஒரு சிறு பாடம் நடந்தது.

ஹனஃபி மத்ஹபில் ஒளுவின் பர்ளுகள் நான்கு, நிய்யத் சுன்னத்தாகும். ஷாஃபிஈ மத்ஹபில் பர்ளுகள் ஆறு. அவற்றுள் முதலாவது நிய்யத். அதுவும் எப்போது? முகத்தில் தண்ணீர் படும் முதற்கணத்தில் அது உள்ளத்தில் இருக்க வேண்டும். முன்னரே வீட்டில் நினைத்துவிட்டு வந்தால் போதாது. கழுவி முடித்தபின் நினைத்தாலும் கூடாது. கையும் உள்ளமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். மத்ஹபுகளின் சட்டம் வேறுபடினும், நற்கூலி நிய்யத்தைப் பொறுத்ததே என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இமாம் புகாரி (ரஹ்) தம் நூலை எண்ணத்தைப் பற்றிய நபிமொழியைக் கொண்டே தொடங்கினார்கள். இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீன் நூலின் முதற்பாடத்தை அதற்கே உரியதாக்கினார்கள். அந்நபிமொழி கல்வியில் மூன்றில் ஒரு பங்கு என இமாம் ஷாஃபிஈ (ரஹ்) கருதியதாக அறிஞர்கள் எடுத்துரைப்பர். இத்தனை பெரியோர் வாசலிலேயே நிறுத்தி வைத்த ஒன்றை நாம் சிறுவயதில் மனனம் செய்த அரபு வாசகமாக மட்டும் ஆக்கிவிட்டோம். நாவு அதைச் சொல்லும்போது உள்ளம் கடைக்கணக்கில் இருக்கிறது.

வறண்ட சீமையில் தண்ணீரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. நபிகள் நாயகம் (ஸல்) ஒரு 'முத்து' அளவு நீரால் ஒளுச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணப்படும் செய்தி. முத்து என்னும் அவ்வளவு, சராசரி மனிதரின் இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் கொள்ளளவு. முக்கால் லிட்டருக்கும் குறைவு. இன்று குழாயைத் திறந்துவிட்டுக் கைபேசியில் பேசியபடி ஒளுச் செய்பவர் எத்தனை 'முத்து' நீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறார் என்று கணக்கிட்டால் வெட்கமாக இருக்கும். நீர் வீணாகும் இடத்தில் கவனம் முன்னரே வீணாகியிருக்கிறது. அன்று ஹவ்ளின் கரையில் என் மாணவர்கள் குறைந்த நீரில், நிதானமாக, ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்பிற்குச் சென்றதைக் கண்டேன். அன்றைய மஃரிபில் அவர்களின் நிலையும் வேறாக இருந்தது.

அடுப்படிக்கு வந்த கல்வி

கீழக்கரையின் குடும்ப அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. திருமணத்திற்குப் பின் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மணமகனே மனைவியின் வீட்டிற்கு வருகிறார். பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது மரபு. ஆடவர் கடல் கடந்து சென்ற காலத்தில் வீட்டைப் பேணியவர்கள் பெண்களே. அன்று இலங்கையும் மலாய் நாடும்; இன்று துபையும் பிற வளைகுடா நாடுகளும். இடம் மாறினாலும் கணவரும் மகனும் தொலைவில் இருக்கும் நிலை மாறவில்லை. ஆகவே இவ்வூரில் ஒரு தலைமுறையின் மார்க்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்த பாலம், பெரும்பாலும் தாய்மாரும் பாட்டிமாருமே.

அப்பாலத்திற்குக் கல் எடுத்துக் கொடுத்த அறிஞர்களுள் தலையாயவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) எனப் போற்றப்படும் செய்யிது முஹம்மது ஆலிம் அவர்கள். 1816இல் பிறந்து 1898இல் மறைந்தவர்கள். தைக்கா ஸாஹிப் (ரஹ்) அவர்களின் மருமகனாராகி, கீழக்கரை அரூஸிய்யா மத்ரஸாவை ஓங்கச் செய்தவர்கள். அவர்கள் விரும்பியிருந்தால் அரபியில் மட்டுமே எழுதி அறிஞர்களின் பாராட்டோடு நின்றிருக்கலாம். ஆனால் தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ், இல்லறம் ஆகியவற்றின் சட்டங்களை 'மகானீ', 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்களில் அரபுத் தமிழில் எழுதித் தந்தார்கள். அரபுத் தமிழ் என்பது தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளுக்கே கூடுதல் புள்ளிகள் இட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். குர்ஆன் ஓதக் கற்ற பெண்மணி, வேறு பள்ளிக்கூடம் செல்லாமலேயே தன் தாய்மொழியில் மார்க்கத்தைப் படிக்க இது வழி செய்தது. இவ்வூரைச் சேர்ந்த செய்யிது ஆசியா உம்மா அவர்கள் அரபுத் தமிழில் ஞானப் பாடல்கள் இயற்றும் அளவிற்கு உயர்ந்தார்கள் எனில், அடுப்படிவரை கல்வி சென்றதன் பயன் தெளிவாகும்.

இன்று அந்த எழுத்தைச் சரளமாகப் படிப்போர் அருகிவிட்டனர். எங்களை விருந்தினராக ஏற்ற நண்பர், மனைவியின் வீட்டிலேயே வாழ்பவர். அவருடைய மாமியார் எண்பதை நெருங்கும் மூதாட்டி. இஷாவிற்குப் பின் நாள்தோறும் பழைய அரபுத் தமிழ் நூலொன்றில் ஒரு பக்கம் வாசிப்பது அவரது வழக்கம். அவருடைய மகளுக்குத் தட்டுத்தடுமாறி வாசிக்க வரும். பேத்திக்கு அறவே தெரியாது. "மாமியார் கண்மூடினால் இந்நூல்கள் எங்கள் வீட்டில் ஊமையாகிவிடுமோ என்ற அச்சம் எனக்கு இருந்தது" என்றார் நண்பர்.

கல்லூரியில் பயிலும் அப்பேத்தி இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார். "உம்மம்மா, மெதுவா வாசிங்க" என்று சொல்லிவிட்டு, பாட்டி வாசிப்பதைத் தமிழ் எழுத்தில் ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறாராம். பொருள் விளங்காத பழஞ்சொல் வந்தால் நிறுத்திக் கேட்பார், பாட்டி விளக்குவார். ஓர் இரவில் அரைப்பக்கம்தான் நகரும். துபையில் பணிபுரியும் அவருடைய அண்ணன், விடுமுறை நாளிரவுகளில் தொலைபேசி வழியே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். நண்பர் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஒளுவின் பாடம் முடிந்து, தொழுகையின் பாடம் தொடங்கியிருந்தது. ஓரங்களில் அப்பெண் தன் ஐயங்களைச் சிறிய எழுத்தில் குறித்திருந்தார். ஓரிடத்தில், தொழுகையில் எண்ணம் சிதறினால் மீண்டும் எப்படிக் கொண்டுவருவது என்னும் வினா இருந்தது. வகுப்பில் என் மாணவர் கேட்ட வினாவின் உடன்பிறப்பு அது!

அந்த அரைப்பக்கத்தின் மதிப்பு, கற்கும் செய்தியில் மட்டும் இல்லை. நாளின் ஆரவாரம் அடங்கியபின் ஒரு குடும்பம் ஒன்றாக அமர்ந்து, தன் இறைவனைப் பற்றிப் பேசிக்கொள்கிறது. முன்பு நம் வீடுகள் பலவற்றில் இருந்த இவ்வழக்கத்தின் இடத்தை முதலில் தொலைக்காட்சி பிடித்தது. பின்னர் கைபேசி வந்து, ஒரே தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தோரையும் தனித்தனி மூலைகளுக்குப் பிரித்துவிட்டது. நம் பிள்ளைகளின் உள்ளத்தில் நாம் எதை எழுதாமல் விடுகிறோமோ, அவ்விடத்தில் வேறு எவரோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதைப் பெற்றோர் மறந்துவிடலாகாது.

கிளறும் கை

மறுநாள் காலை ஊர் திரும்புமுன் தொதல் வாங்கச் சென்றோம். கீழக்கரைக்குப் போய்விட்டுத் தொதல் இல்லாமல் வீடு திரும்புவது நடக்கிற காரியமா? தேங்காய்ப் பாலும் மாவும் இனிப்பும் சேர்த்துக் கிளறி எடுக்கும் இவ்வினிப்பு, மலாய் நாட்டுக் கடல் வணிகத்தோடு இக்கரைக்கு வந்தது. பெரிய வாணலியில் ஒருவர் மணிக்கணக்காகத் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் ஓயக்கூடாதா என்று மாணவர் கேட்டதற்கு அவர் தலைநிமிராமல் விடை சொன்னார்: "மேல பாத்தா நல்லாத்தான் தெரியும், தம்பி. அடி புடிச்சிருக்கும். அடி புடிச்சா சட்டி முழுக்க வீசும்."

வணக்கங்களைப் பற்றி நூல்களில் நாங்கள் படித்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். மேலே எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. தொப்பி இருக்கிறது, தொழுகை இருக்கிறது, ஊர் மதிப்பு இருக்கிறது. அடியில் பொறாமையோ, கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பொய்யோ, உடன்பிறந்தாருடன் பேசாத ஆண்டுகளோ ஒட்டிப் பிடித்துக் கருகத் தொடங்கியிருக்கலாம். அத்துடுப்பின் வேலையைத்தான் இறைநினைவு செய்கிறது. வேகம் வேண்டியதில்லை, நில்லாமை வேண்டும். செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்பது நாயகத்தின் (ஸல்) போதனை அல்லவா?

இல்லம்தோறும் தொடங்கட்டும்

அருமைச் சகோதர சகோதரிகளே! உள்ளத்தைப் புதுப்பிக்கப் பெரும்பயணம் மேற்கொள்ள வேண்டும் என்றோ, ரமளான் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றோ எண்ணிவிடாதீர்கள். நம் நாளிலேயே அதற்குரிய இடங்கள் இருக்கின்றன.

கடையின் கதவைத் திறக்கும் சகோதரர், சாவியைத் திருப்பும் முன் ஒரு மூச்சளவு நிற்கட்டும். ஹலாலான பொருளை ஈட்டி, என் குடும்பத்தைக் காப்பதற்காக இக்கதவைத் திறக்கிறேன் என்று உள்ளத்தில் எண்ணட்டும். அல்லாஹ்வின் திருப்பொருத்தம் நாடிச் செய்யும் செலவு எதுவாயினும், மனைவிக்கு ஊட்டும் ஒரு கவளம் உட்பட, நற்கூலிக்குரியது என்று ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) கூறியிருக்கும்போது, பன்னிரண்டு மணிநேர உழைப்பை வெறும் பழக்கமாக வீணாக்குவது ஏன்? அந்நிய நாட்டில் தனியறையில் வாழும் சகோதரரின் வியர்வைக்கும் இது பொருந்தும். அரிசி களையும் தாயின் கைக்கும் இது பொருந்தும். நபிகள் நாயகம் (ஸல்) வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் சென்றுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். வீட்டுவேலையும் தொழுகையும் அங்கே ஒரே வாழ்வின் இரு பக்கங்களாக இருந்தன.

ஒளுவின்போது குழாயைச் சற்றே மூடுங்கள், பேச்சையும் மூடுங்கள். முகத்தில் நீர் படும் அக்கணத்தில் உள்ளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இஷாவிற்குப் பின் பத்து நிமிடங்கள் வீட்டிலுள்ள கைபேசிகள் அனைத்தையும் ஒரு தட்டில் வைத்துவிட்டு, குர்ஆன் விளக்கத்திலோ நபிமொழி நூலிலோ அரைப்பக்கம் வாசியுங்கள். சிறுவர் வாசிக்கட்டும்; பெரியோர் கேட்கட்டும். வீட்டு அலமாரியில் அரபுத் தமிழ் நூல்கள் இருந்து, வாசிக்கத் தெரிந்த மூதாட்டி ஒருவரும் இருந்தால், அப்பேற்றை வீணாக்காதீர்கள். இன்றே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். நாளை என்று தள்ளிவைக்கும் காரியமன்று இது.

படுக்கைக்குச் செல்லுமுன் அன்றைய நாளின் அடியை ஒருமுறை கிளறிப் பாருங்கள். எங்கே பிடித்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால், கருகுமுன் கேட்டுவிடுங்கள்.

மறதி மீண்டும் வரும், வராமல் இராது. வரும்போதெல்லாம் திரும்பி வரும் உள்ளத்தையும், பாங்கோசையை வெறும் ஓசையாகக் கேளாத செவியையும், கரையில் இருக்கும்போதும் மூச்சின் அருமையை அறியும் உணர்வையும் வல்ல நாயன் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.